கல்லாய் ஆற்றில் அத்தாவின் முத்திரை

கல்லாய், கோழிக்கோடு
17.4.1995

கல்யாணப்பெண் ரம்ஷா அக்காவுக்கு, உன் ஒரே தம்பியும் ஒரே தலைவலியுமான அய்மன் ஸலாம் சொல்லி எழுதுவது.

மாமா வீட்டில் மீன் தின்றே எனக்குச் செதில் முளைத்துவிட்டது. ஊரைப் பற்றிக் கேட்டாயே, இது மரம் பெற்ற ஊர். காட்டில் வெட்டிய தேக்கு ஆற்றில் மிதந்து வந்தது. தேக்கைத் தேடி அரபிக் கப்பல் வந்தது. கப்பலைத் தேடிக் கடைத்தெருவே வந்தது. மாமாவும் நம் உக்கடத்திலிருந்து இப்படித்தான் வந்து கரை ஒதுங்கினார்.

ஆனால் நம்மைப் பெற்ற அத்தா பேரை எடுத்தாலே மாமா மரமாகிவிடுகிறார். போன வருஷம் மாமா நம் மரக்கடைக்கு அனுப்பிய மரத்துக்குள் பொந்து இருந்ததற்கு அத்தாவுக்கு இத்தனை கோபமா? "மச்சான் கூப்பிடாம நிக்காஹ்வுக்கு எப்படி வாரது கண்ணு?" என்கிறார் மாமா.

இங்கே ஒரு வழக்கம். எல்லார் மரமும் ஆற்றில் கலந்து மிதப்பதால், அவரவர் முத்திரைச் சுத்தியலால் அடித்து வைப்பார்கள். அடித்தவரே நேரில் வந்து வெட்டினால்தான் முத்திரை அழியும். கடையில் அத்தாவின் சுத்தியல் சும்மாதானே கிடக்கிறது? லாரிக்காரர் சென்னியப்பன் அண்ணனிடம் கொடுத்து அனுப்பு. ஏன் என்று கேட்காதே.

அய்மன்

உக்கடம்
21.4.1995

அன்புக் குரங்குக்கு,

கேட்காமலே புரிந்தது, அதுதான் பயம். "ஏனுங்க அம்மணி, இது அய்யாவுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டே சுத்தியலை வாங்கினார் அண்ணன். "இனிமேத்தான் தெரியுமுங்க" என்றேன். மாமா இல்லாத பந்தலில் நான் உட்கார மாட்டேன். அடி!

ரம்ஷா

உக்கடம்
28.4.1995

டேய்,

மாமாவின் கார்டு வந்தது. "என் மரத்தில் உங்கள் முத்திரை. வந்து அழிக்கவும்." ஸலாம்கூட இல்லை. "நான் போகாத ஊர்ல என் முத்திரை எப்படி விழும்? திருட்டுப் பேராயிருமே!" என்று அத்தா பாலக்காட்டு பஸ் ஏறிவிட்டார். இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் அவர் கையில் நீ கிடைத்துவிடுவாய்.

ரம்ஷா

கல்லாய்
1.5.1995

அக்கா,

உயிரோடுதான் இருக்கிறேன்.

நான் அடித்த முத்திரை கோணல். பார்த்ததுமே அத்தா, "இது என் கை இல்லீங்க" என்றார்.

"அழிச்சுப்போட்டுக் கெளம்புங்க" என்றார் மாமா.

உளியை எடுத்த அத்தா, பழக்க தோஷத்தில் மரத்தைத் தட்டிக் காது வைத்தார். "பொந்து இல்லீங்களே?"

"போன மரத்துல பொந்து இருந்தது எனக்குத் தெரியாதுங்க மச்சான். தெரிஞ்சா உங்களுக்கு அனுப்புவனா?"

அப்புறம் அத்தா உளியைப் போட்டுவிட்டு, மாமாவின் சுத்தியலை வாங்கித் தன் முத்திரைக்குப் பக்கத்திலேயே அவருடையதையும் ஓங்கி அடித்தார். இரண்டு முத்திரை விழுந்தால் கூட்டு மரமாம். ஒருவரை விட்டு ஒருவர் அசைக்க முடியாதாம். "ரம்ஷா கல்யாணக் கட்டிலுக்கு ஆகும். நீங்களே கூட வந்து எறக்குங்க மாப்ளே" என்றார். மாமா அழுதுபோட்டார், கண்ணில் மரத்தூள் என்றார்.

அதற்கப்புறம்தான் இரண்டு பேருக்கும் ஒரே சந்தேகம் வந்தது: அத்தாவின் சுத்தியல் எப்படிக் கல்லாய்க்கு வந்தது? சேர்ந்தே என் பக்கம் திரும்பினார்கள். என் வலது காதை அத்தா பிடித்தார், இடது காதை மாமா. என்ன ஒற்றுமை அக்கா, கண் நிறைந்துவிட்டது!

சிவந்த காதுகளுடன்,
அய்மன்