சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த அண்டாக்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று சாயங்காலம் எதிர்வீட்டு ஜோதி வந்து என் பெரிய அண்டாவையும் இரும்புச் சட்டியையும் கேட்டாள். உங்களுக்கு அவளைத் தெரியாது. நேந்திரங்காய் சிப்ஸ் போட்டுக் கம்பத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். சேலையெல்லாம் தேங்காயெண்ணெய் வாசம். எதற்கு என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாளைக்கு பேங்குல இருந்து தொழிலைப் பாக்க வர்றாகக்கா. ஒத்தச் சட்டியோட உக்காந்திருந்தா கடன் குடுப்பாகளா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவள் முகம் சுருங்கிப் போனது. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று சொல்லிச் சமாதானம் செய்தேன். என் கண்ணுக்கு நீங்கள்தான் தெரிந்தீர்கள். கையில் குடை, தோளில் பை, தலையில் முக்காடு. என் சமையலறையில் நின்றுகொண்டு ஒவ்வொரு அண்டாவாகத் திருப்பிப் பார்க்கிறீர்கள்.

போகும்போது ஜோதி இன்னொன்றும் கேட்டாள். அவள் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். காலையில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பயம் என் கூடவே பிறந்தது; உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் வங்கியின் படியேறி முதன்முதலாக வந்தபோது என் மகள் கைக்குழந்தை. கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விடியும் முன்னே ஜீப்பில் போகிற பெண்களுக்காக இட்லியும் தக்காளிச் சோறும் பொட்டலம் கட்டிக் கொடுக்க ஆரம்பித்திருந்தேன். என் வீட்டுக்காரர் அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுகிறவர். சீசன் தொடங்கும்போது எல்லா ஜீப்புக்கும் சேர்த்துத் தர முடியுமா, முடியாதென்றால் கூடலூரில் ஆள் இருக்கிறது என்று ஸ்டாண்டில் கேட்டுவிட்டார்கள். வீட்டுக் கிரைண்டரை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமில்லை. பெரிய வங்கியில் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் நிலப் பத்திரம் கேட்டார்கள். எங்களுக்கு ஏது நிலம்? உறுப்பினர்களே பணம் போட்டு நடத்தும் சின்ன வங்கி ஒன்று கடைத்தெரு மாடியில் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கே வந்தேன். கடன் பகுதியில் நீங்கள் இருந்தீர்கள். "வீட்டுக்கு வந்து பாக்குறேன்" என்று மட்டும் சொன்னீர்கள்.

அதைக் கேட்டதும் என் மாமியார் ஊருக்குள் இறங்கிவிட்டார். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தெருவில் எவர் வீட்டில் பெரிய பாத்திரம் இருக்கிறது என்பது அத்தைக்கு அத்துப்படி. பொழுது சாய்வதற்குள் எங்கள் சமையலறை கல்யாண வீடுபோல் ஆகிவிட்டது. பி.காம். படித்தவள் நான். கைமாற்றாக வாங்கி வந்த அண்டாவைச் சொத்துக் கணக்கில் காட்டக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் பாத்திரங்களில் பேர் வெட்டியிருப்பது எங்கள் இருவருக்குமே கடைசி நேரத்தில்தான் உறைத்தது. பேர் இருக்கிற பக்கத்தையெல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தோம்.

நீங்கள் வந்தீர்கள். தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள். தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, நேராக அடுப்படிக்குப் போய் முதல் அண்டாவைத் திருப்பினீர்கள்.

"பேச்சியம்மாள்னு போட்டிருக்கு. யாரும்மா?"

"எங்க ஒண்ணுவிட்ட நாத்தனா" என்றார் அத்தை. அது பக்கத்து வீடு.

அடுத்ததைத் திருப்பினீர்கள். "ஒச்சம்மாள்?"

"அது எங்க மதினி." அதுவும் பக்கத்து வீடு, இந்தப் பக்கம்.

மூன்றாவது பிரியாணி தேக்சா. எழுத்துக் கூட்டி நிதானமாக வாசித்தீர்கள். "ரஹ்மத் பீவி. இவுக உங்களுக்கு என்ன முறை?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வேகத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்: "சின்னம்மா முறைம்மா."

"அப்படியா? அப்ப எனக்கும் நீங்க சொந்தந்தேன்" என்று சொல்லிவிட்டு, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்களே, அந்தச் சத்தத்தில் தொட்டிலில் கிடந்த பிள்ளை முழித்துக்கொண்டாள்.

கடன் போச்சு என்றுதான் நினைத்தேன். கூடலூர்க்காரர்கள் பொட்டலம் ஏற்றுவது கண்முன்னால் ஓடியது. நீங்களோ குடையை எடுத்துக்கொண்டு, "வாங்க, இந்தப் பாத்திரம் குடுத்தவுக வீட்டையெல்லாம் காட்டுங்க" என்றீர்கள்.

அன்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் பின்னால் நடந்ததுபோல் நான் என்றைக்கும் கூசி நடந்ததில்லை. வீட்டுக்கு வீடு நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "இந்தப் பிள்ளை உங்க பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கலேன்னா என்ன செய்வீக?"

பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "குடுக்காமயா? நாங்க கரியோட குடுப்போம், அவ புளி போட்டுத் தேச்சுப் பளபளன்னு கொண்டாருவா. அதுக்குத்தேன் குடுக்கிறதே!" என்றார். ஒச்சம்மாள், "வெறும் பாத்திரமா ஒரு நாளும் வந்ததில்ல. உள்ள நாலு இட்லியாச்சும் இருக்கும்" என்றார். ரஹ்மத் பீவி பாட்டி மட்டும் கோபித்துக்கொண்டார். "என்னம்மா கேள்வி இது? இவகிட்ட எழுதி வாங்கிட்டா தேக்சாவைக் குடுத்தேன்?"

"அப்ப கடனுக்கு எழுதிக் குடுங்க" என்றீர்கள். எல்லோருமே உங்கள் வங்கியில் உறுப்பினர்கள் என்பது உங்களுக்கு முன்பே தெரியும்போல. அத்தனை பேரும் ஜாமீன் போட்டார்கள். கிரைண்டர் வந்தது, இட்லிக் கொப்பரை வந்தது. சீசன் முதல் நாளில் எல்லா ஜீப்பிலும் என் பொட்டலம் மலையேறியது.

பிறகு ஒருநாள் உங்களிடம் கேட்டேன், எந்தத் தைரியத்தில் எனக்குக் கடன் எழுதினீர்கள் என்று. "பெரிய பேங்குக்குப் பத்திரம் பேசணும். எனக்கு உன் தெரு பேசுச்சு, போதும்" என்றீர்கள்.

அந்த வருஷமே மழையில் மண் சரிந்ததால் மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள். ஜீப் ஓடவில்லை, பொட்டலமும் இல்லை. தவணைக்கு இன்னும் நாள் இருந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் மேஜை முன்னால் வந்து அழுதேன். "தவணைக்கு முந்தியே வந்து பயப்படுற ஒரே ஆளு நீதேன்டியம்மா. ஜீப்புதானே நிக்குது, வயித்துக்குமா லீவு விட்டாக? அந்தப் பொம்பளைக இப்ப எங்கன வேலைக்குப் போறாகன்னு உன் வீட்டுக்காரரைக் கேளு" என்றீர்கள். கேட்டேன். கீழே வயலில் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மறுநாள் என் பொட்டலங்கள் வரப்புக்குப் போயின. பாதை திறந்த பிறகும் நடவுக் காலத்தில் அந்த வியாபாரம் நிற்கவில்லை.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று சேதி வந்த அன்று என் சின்னவனுக்கு நல்ல காய்ச்சல். உத்தமபாளையம் வந்து உங்கள் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அன்று சொல்ல முடியாததைத்தான் இவ்வளவு பிந்தி எழுதுகிறேன். இப்போதும் கம்பத்துக் கடைத்தெருவில் நடந்தால் எனக்கு ஒரு மிடுக்கு வருகிறது அக்கா. இந்தப் பஞ்சர்க் கடை, அந்தப் பூக்கடை, திராட்சைக்குப் பெட்டி அடிக்கிற பட்டறை, இவற்றின் பின்கட்டுகளிலெல்லாம் ஒரு குடை நுழைந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறது. அவர்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஷட்டர்கள் காலையில் மேலே ஏறுகின்றன. அந்தக் குடைக்காரியை எனக்குத் தெரியும் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கும்.

கடன் முடிந்த மாதம் நான் சொந்தமாக அண்டா வாங்கினேன். பாத்திரக் கடையில் என்ன பேர் வெட்ட என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் பேரைச் சொல்ல வாயெடுத்த அத்தை, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, "எம் மருமக பேரைப் போடுப்பா" என்றார்.

ஜோதி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுத்தவர் கடனுக்குக் கையெழுத்தா என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரரும், "நல்லா யோசிச்சுக்க. அவ கட்டலேன்னா நம்மதேன் கட்டணும்" என்றார். யோசித்தேன். நீங்கள் கேட்ட அதே கேள்வியை என்னிடமே கேட்டுப் பார்த்தேன். பொங்கலுக்கு அவள் வாங்கிப்போன சட்டி எப்படித் திரும்பி வந்தது? என் முகம் தெரிகிற மாதிரி தேய்த்து, உள்ளே காகிதத்தில் மடித்த சூடான சிப்ஸோடு வந்தது. என் மகள் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

விடியக் காத்திருக்கவில்லை. அண்டாவை நானே தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னதும் ஜோதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அண்டாவை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பேர் சுவரைப் பார்த்து இருந்தது.

"அப்படி வைக்காத ஜோதி" என்றேன். "எம் பேரு தெரியிற மாதிரி இந்தப் பக்கம் திருப்பி வை."