மாடியிலிருந்து கீழே வந்த செய்தி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், தலையில் கட்டோடு உன் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்க வாய் வரவில்லை, கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், மாப்பிள்ளை நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். போனில் பேசினால் என் வாயை அடைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் உன் அப்பா. மின்விசிறியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று ஏணியில் ஏறி விழுந்தார். மண்டையில் ரத்தம் கொட்டுகிறது, நான் நேர் கீழே கடையில் தைத்துக்கொண்டிருக்கிறேன், ஆம்புலன்ஸுக்காவது அடித்திருக்கலாம், இவர் கடல் தாண்டி இருக்கும் உன்னைக் கூப்பிட்டார். ஏன் என்று கேட்டால், "அவ பேருதான் மொதல்ல இருந்துச்சு" என்கிறார். அடிபட்ட தலை என்பதால் ஒன்றும் செய்யாமல் விட்டேன்.

அவராவது விழுந்தவர், உனக்கு என்ன வந்தது? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசக் கூடாதா? ஓட்டிக்கொண்டே எனக்கு அடித்தாய், மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. பதற்றத்தில் உன் ஊர் ஆம்புலன்ஸை அழைத்து நம் தெருப் பெயரைச் சொன்னாயாம், அப்படி ஒரு தெருவே இங்கு இல்லை என்று அவர்கள் சொல்ல, நான் பிறந்த தெரு எனக்குத் தெரியாதா என்று சண்டை வேறு. பிறகுதான் எதிர்க்கடை போட்டோக்காரர் ஞாபகம் வந்திருக்கிறது. "அக்கா, மாடியில அண்ணன் விழுந்துட்டாராம், உங்க பொண்ணு சொல்லுது" என்று அவர் ஓடி வந்தார், ஆம்புலன்ஸை அழைத்ததும் அவர்தான். தலைக்கு மேலே நடந்தது எனக்கு உலகத்தைச் சுற்றி வந்து சேர்ந்தது.

இதற்குள் நீ சாலையின் நடுத்தடுப்பில் உரசி வண்டியின் ஒரு பக்கத்தையே கிழித்துவிட்டாய். எனக்குச் சொல்லவில்லை. பின் சீட்டில் என் பேத்தி, சின்னவள், தூங்கிக்கொண்டிருந்தாளாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. தினமும் வேலைக்குப் போகும் வழியில்தான் பேசுவாய், ஓட்டுகிறாயா என்று கேட்டால் "சிக்னல்ல நிக்கிறேம்மா" என்பாய். அது என்ன சிக்னலோ, ஒரு நாளும் பச்சை விழாத சிக்னல். அப்பாவுக்கு நாலு தையலோடு போயிற்று. அங்கே உங்கள் இருவருக்கும் ஏதாவது ஆகியிருந்தால் நான் யாரைக் கூப்பிட்டு என்ன கேட்பேன்?

அப்பா போனில் இப்போது ஆம்புலன்ஸ் எண்தான் முதலில், போட்டோக்காரர் மாற்றிக் கொடுத்தார். இனி உனக்குச் செய்தி கடைசியில்தான் வரும், கோபித்துக்கொள்ளாதே. வண்டியை நிறுத்திவிட்டாயா என்று கேட்ட பிறகே வாயைத் திறப்பேன். எழுதவே கை கூசுகிறது, அது அப்பாவின் உயிர் போன செய்தியாக இருந்தாலும் சரி.

நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் நீண்ட நாள் இருங்கள், சின்னவளுக்கு என் முத்தம். மறக்காதே, வண்டியிலிருந்து கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூப்பிடு.

இப்படிக்கு,
மிஷினை நிறுத்திவிட்டு உன் போனுக்காக உட்கார்ந்திருக்கும்
அம்மா