சரியான விடைக்கு வண்ணக் காகிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

என் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று இன்று ஆபீஸில் நான் சொல்லவில்லை. நீ நலமா? அப்பாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா? போனில் பேசினால் அவர் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆன்லைன் பல்கலைக்கழகம் ஒன்றுக்காகத் தொழில் நோய்கள் பற்றிய பாடம் தயாரிக்கிறோம். பாறைத் தூசி நுரையீரலைக் கெடுப்பதை நான்தான் எழுதினேன். முடிவில் ஒரு கேள்வி: இது எந்த நோய்? மாணவர் சரியாகச் சொன்னால் பாராட்டுவதுபோல் திரையில் வண்ணக் காகிதங்கள் கொட்ட வேண்டும் என்றார் மேலாளர் ரூபினி.

“இந்த இடத்துல வேணாமே, மேடம்” என்றேன்.

“ஏம்மா, ஸ்டூடண்ட்ஸ் தூங்கிடுவாங்க. யாரு வீட்லயாவது எழவு விழுந்துச்சா என்ன?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பக்கத்து வீட்டு வின்சென்ட் அண்ணன் காலை ரயிலில் வரும்போது என் ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பு. இங்கே ஏசி குளிர் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனை அப்பாவிடமும் கொடு. அவர் பேச வேண்டாம், சும்மா காதில் வைத்திருந்தால் போதும். இதை அவருக்குப் படித்துக் காட்டாதே. ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

உன் மகள்,
யசோதரா

பி.கு.: மதியமே அந்தக் காகிதங்களைப் பாடத்தில் வைத்துவிட்டேன். சரியான விடையை அழுத்திச் சோதித்தும் பார்த்தேன். நன்றாகக் கொட்டுகின்றன.