முள் எழுந்தது

ஆடி, ஞாயிறு இரவு

இன்று ஜெயித்துவிட்டேன்.

சாரலில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்த எங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் போன வாரம் ஈரத்தில் தீப்பொறி விடாத பழைய பாயிண்ட்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினேன். வண்டி உடனே கிளம்பியது. ஆனால் என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டரின் முள் அசையவில்லை. என் வீட்டுக்காரர் இவருக்குக் காது கேட்காமல் போனதிலிருந்து, என்ஜின் சத்தத்துக்குப் பதிலாக அந்த முள்ளைப் பார்த்துத்தான் கியர் மாற்றுகிறார். "இனி நீயே ஓட்டுட்டி" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காலையில் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தேன். தீப்பொறிக்கான காயிலுக்குப் போகும் கரண்ட் மீட்டருக்குள் நுழைந்து போனால்தான் முள் அசையும். புது ஒயரை நான் நேராகக் கொடுத்திருந்தேன். அதை மீட்டர் வழியாக மாற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முள் துள்ளி எழுந்தது.

இவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்தார். "ஏட்டி, ஏறுது" என்றார்.

இலஞ்சி தாண்டிக் குற்றாலம் வரை இவரே ஓட்டினார். எந்தக் கியரிலும் வண்டி திணறவில்லை. அருவிப் பக்கம் நிறுத்தி, "செங்கோட்டை வரைக்கும் போவமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். நான் சீட்டில் சரியாக உட்காருவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.