நிர்மலா மேலே படிக்கட்டும்

தியாகதுருகம்,
23-4-1989

அன்பு மகள் நிர்மலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் குழந்தை சுதாவும் ஏதோ இருக்கிறோம், அங்கே நீ பரீட்சை நேரத்தில் கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்று அய்யனாரைக் கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கரும்பு வெட்டுகிற ஆட்களுக்குச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்று படித்தேன், அதற்கப்புறம் சோறு குழைந்ததுகூடத் தெரியவில்லை. பரீட்சை முடிந்ததும் பெட்டியோடு ஊருக்கே வந்துவிடுகிறேன், எம்.எஸ்ஸி. வேண்டாம், படித்தவர்களுக்கே வேலை இல்லை, சின்னப்பொண்ணு அத்தை சொல்கிறபடி அக்கா இருந்த இடத்தில் பழனி மாமாவைக் கட்டிக்கொண்டு அவள் குழந்தை சுதாவை வளர்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். பொங்கலுக்கு வந்திருந்தபோது அத்தை உன்னைத் தனியாகக் கூப்பிட்டு இப்படிப் பேசியிருக்கிறாள் என்பதே எனக்கு உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். மூன்று மாதமாக இதை மனசில் வைத்துக்கொண்டா நீ பாடம் படித்தாய்?

இன்னொன்றும் எழுதியிருக்கிறாய், அதுதான் என்னை ரொம்ப அழவைத்தது. நம் சனத்தையும் மிகவும் பிற்பட்டவர்களில் சேர்த்துவிட்டார்கள், அந்தச் சர்டிபிகேட் இருந்தால் எம்.எஸ்ஸி. சீட்டு கிடைத்துவிடும், ஆனால் அக்கா உயிரை எடுத்துக்கொண்டு கொடுக்கிற சீட்டு எனக்கு வேண்டாம் என்று. இந்த ஒதுக்கீட்டைக் கேட்டு நம் ஆட்கள் ரோட்டை மறித்த அந்த நாளில் நடந்ததை நான் உன்னிடம் உட்கார்ந்து சொன்னதே இல்லை. பஸ் ஓடாமல் நீ கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பாலும் தெளித்தாகிவிட்டது. இப்போது சொல்கிறேன், படித்துவிட்டு அழுது முடித்துவிடு. கமலாவுக்கு விடியும்போது நல்லபடியாகத்தான் பிரசவம் ஆனது. நர்சம்மா குழந்தையைத் துடைத்துப் பக்கத்தில் போட்டாள், உன் அக்கா அதன் பாதத்தைத் தொட்டுப் பார்த்து நம் அப்பா மாதிரியே நீட்டுக் கால் என்று சிரித்தாள். அதற்குப் பிறகுதான் ரத்தம் நிற்காமல் போனது. பழனியால் மலையில் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் இல்லாமல் வர முடியவில்லை. அப்பாவும் ஊரில் இல்லை, டிராக்டரில் போன ஆட்களோடு திருநாவலூர்ப் பக்கம் மறியலுக்குப் போயிருந்தார். நான் வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்கவைத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினேன். ரோட்டில் புளியமரங்களை வெட்டி வெட்டிப் போட்டிருந்தார்கள், வண்டி போகாது. அங்கே நின்றவர்கள் நம் பக்கத்துப் பையன்கள்தான். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது நிர்மலா, அவள் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டில் கொண்டுவந்து அவளைத் தூக்கி, மரத்துக்கு மரம் ஏறி இறங்கித் தோள் மாற்றித் தோள் மாற்றி ஓடினார்கள், ஒருத்தன் அழுதுகொண்டே ஓடினான். டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார், கடைசியில் ரத்தம் ஏற்றினால்தான் பிழைப்பாள், பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். கார் இருந்தது, டிரைவரும் வருகிறேன் என்றான், வழிதான் இல்லை. உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டவே முடியாது, திருநாவலூர் வரைக்கும் ரோட்டில் ஜனம் உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். அப்பா மறுநாள் நடந்தே வந்து சேர்ந்தார். வழியில் யாரோ பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லியிருக்கிறார்கள், வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் குழந்தை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். அதற்குப் பிறகு நான் அவரை ஒன்றும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை, எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. போன மாதம் ஒதுக்கீடு வந்ததென்று ஊரில் மிட்டாய் கொடுத்தார்கள், அப்பா வாங்கின மிட்டாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கடலைச் செடியைப் பார்க்கிறவர் மாதிரி மல்லாட்டைக் கொல்லைக்குப் போய்விட்டார்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. புதன்கிழமை, கள்ளக்குறிச்சியில் விதை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மலை பஸ் ஏறிப் பழனி வேலை பார்க்கிற கரியாலூருக்கே போய்விட்டேன். வளைவுக்கு வளைவு தலை சுற்றல், வாந்தி, அதை ஏன் கேட்கிறாய். பழனி பள்ளிக்கூடம் விட்டு வந்து வாத்தியார் குடியிருப்பில் தனியாகச் சாமைச் சோறு வடித்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் குழந்தைக்கு என்னவோ என்று பதறிப்போனார். ஆள் இளைத்துவிட்டார். அவர் அம்மாவும் நம் சின்னப்பொண்ணும் பேசிவைத்திருப்பது உங்களுக்குத் தெரியுமா, உங்கள் மனசில் என்ன இருக்கிறது என்று நேராகவே கேட்டேன். சோற்றுப் பானையை இறக்கிவைத்தார். பிறகுதான் சொன்னார், "அத்த, ஒங்ககிட்ட எப்டி சொல்றதுன்னு நானே தவிச்சிக்கினு இருந்தேன். எங்க கல்யாணத்துல நிர்மலா பாவாட கட்டிக்கினு ஓடியாடிக்கினு இருந்த புள்ள. அத நான் அப்டி பாக்க முடியாது. அது படிக்கட்டும்." அவர் அம்மாவிடம் அவரே பேசிக்கொள்வதாகவும் குழந்தை தியாகதுருகத்திலேயே இருக்கட்டும் என்றும் சொல்லி பஸ் ஏற்றிவிட்டார். நல்ல பிள்ளை. அவரும் எத்தனை காலம் ஒண்டியாகவே இருப்பார், நாளைக்கு வேறொருத்தி வரத்தான் வேண்டும், அப்போது குழந்தை யாரிடம் வளரும், நம் வீட்டுக்கு அவர் எந்த முறையில் வந்துபோவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு மலை இறங்குகிற வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

இனி உன் படிப்பு விஷயம். எனக்கு எட்டாவதுக்கு மேல் தெரியாது, அதனால் சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக இருக்கிற தெய்வசிகாமணி மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதைச் சொல்கிறேன். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்து பி.எட்.டும் முடித்தால் மேல்நிலைப் பள்ளியில் டீச்சர் வேலைக்குப் பதிந்துவைக்கலாம், வருஷம் ஆனாலும் ஒருநாள் வரும், கடலூர்க் கம்பெனிகளிலும் எடுக்கிறார்கள், ஆனால் ஷிப்டு என்பதால் பெண்பிள்ளை என்றால் யோசிக்கிறார்களாம். நீ ஆசைப்படுகிற பயோகெமிஸ்ட்ரிக்குப் பள்ளிக்கூடத்தில் இடமே கிடையாதாம், அந்தப் பாடமே அங்கே இல்லை, பெரிய ஆஸ்பத்திரி லேப், மருத்துவக் கல்லூரி, இல்லை மேலே ஆராய்ச்சி என்று போனால்தான் உண்டு, அதற்கெல்லாம் மெட்ராஸ் மாதிரி ஊரில் இருக்க வேண்டும் என்றார். வேலை நிச்சயம் ஒன்றில் ஜாஸ்தி, இன்னொன்றில் கம்மி, ஆனால் கம்மியானதில் ஆளும் கம்மி என்று சொல்லிச் சிரித்தார். உன் மனசு எதில் இருக்கிறதோ அதை எடு. ஒன்று மட்டும் சொல்கிறேன், அக்கா ரத்தம் இல்லாமல் போனாள், அதனால் ரத்தத்தைப் பற்றிப் படிக்கிறேன் என்று போன வருஷம் எழுதியிருந்தாய். அதற்காகப் படிக்காதே அம்மா. செத்தவளுக்காகப் படித்தால் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அழுகைதான் வரும். அந்தப் பாடம் உனக்குப் பிடித்திருந்தால் படி, இல்லாவிட்டால் கெமிஸ்ட்ரியே போதும்.

நான் மலைக்குப் போய் வந்தது எப்படியோ தெரிந்து வெள்ளிக்கிழமை சின்னப்பொண்ணு அத்தை வந்து சத்தம் போட்டாள். தாயில்லாத குழந்தையை வைத்துக்கொண்டு பெண்ணைப் படிக்க அனுப்புகிறாளே, இவள் ஒரு மனுஷியா என்றாள். அப்பா அதுவரைக்கும் கயிறு திரித்துக்கொண்டிருந்தவர், கயிற்றைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார், "பெரியவளுக்கு நான் வழிய அடச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். சின்னவளுக்கும் அடைக்கச் சொல்றியா?" அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அவளும் அழுதாள், நாங்களும் அழுதோம், வீட்டில் எல்லாரும் சேர்ந்து கமலாவுக்காக வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். நேற்று அப்பா தாலுக்கா ஆபீசுக்குப் போய் உன் சர்டிபிகேட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், கைக்கு வந்ததும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்லச் சொன்னார். நீ அதை வாங்கிக்கொள்ள வேண்டும் நிர்மலா. நீ வேண்டாமென்றால் அந்த மனுஷன் அன்றைக்கு ரோட்டில் உட்கார்ந்திருந்ததற்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் போய்விடும்.

வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, மோர் கிடைத்தால் வாங்கிக் குடி. பரீட்சையை அமைதியாக எழுது. சுதா தத்துப்பித்தென்று பேசுகிறாள், என்னைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள், திருத்த மனசு வரவில்லை. உன் போட்டோவைக் காட்டினால் த்தி த்தி என்கிறாள். பரீட்சை முடிந்ததும் பெட்டியை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு, கைப்பையோடு பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போ. அவளுக்குச் சித்தியாக வா, அம்மாவாக வராதே. அய்யனார் உனக்குத் துணை இருப்பார், நீ எங்கே இருந்தாலும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
பொ. காசியம்மாள்