திரும்பக் கேட்காத கேள்வி

என்னங்க,

இன்று எழுந்ததும் கண்ணாடி முன் நின்று, "டாக்டர், மறுபடி சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் பத்து முறை சொன்னேன். நர்ஸுகளுக்கான பேச்சு வகுப்பில் முதலில் கற்றது அதுதான். அன்று போன் பயிற்சியில் நான் பேசாமல் தலையாட்ட, "அக்கா, தலையாட்டினா போன்ல தெரியுமா?" என்றாள் என்னோடு வேலை பார்க்கும் தோழி. எல்லோரும் சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் போனில் சொன்ன மருந்தளவு எனக்குப் புரியவில்லை. இங்கிலீஷ் வராதவள் என்று அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் "சரி டாக்டர்" என்றேன். வார்டில் இருந்த ஒரு பெரியவருக்கு ஊசியில் இரண்டு மடங்கு மருந்து போட்டுவிட்டேன். அவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

அன்று என்னுடன் வேலை பார்த்த அந்தத் தோழியைச் சந்தேகப்பட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் வேலை போனால் உங்களுக்கும் நம் பாப்பாவுக்கும் இங்கே வர விசா கிடைக்காது. பாப்பா பெட்டிகூட வாங்கிவிட்டாளாமே.

எட்டு மணிக்கு மேட்ரனிடம் போகிறேன். ஊசி போட்டது நான்தான் என்று சொல்லப்போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் மனைவி