கோழிக்கு வைத்த கரையான்

உசிலம்பட்டி
27.10.1997

அன்புள்ள மச்சானுக்குச் செல்லத்தாய் எழுதுவது. குண்டூரில் முறுக்குக் கடை நன்றாக ஓடுகிறதா, எண்ணெய்ச் சட்டிப் புகையில் இருமல் வராமல் இருக்கிறதா என்று எழுதுங்கள். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

கோழிகள் சுகம்தான். அதுகளுக்கு என்ன குறை! கம்பும் குருணையும் விலை ஏறிப்போச்சு என்று நான் புலம்பியதற்கு, காசு கொடுத்துத் தீவனம் வாங்காதே, கரையான் வை என்று சித்திரையில் எழுதினீர்களே, அப்படியே செய்தேன். ஓட்டைப் பானைகளில் காய்ந்த சாணியையும் கந்தல் சாக்கையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கொல்லைக் கடைசியில் கவிழ்த்து வைத்தேன். விடிந்து தூக்கினால் கரையான் அப்பியிருக்கும். உதறிவிட்டால் குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு தின்னும். குருணை வாங்குவது பாதியாகக் குறைந்தது. உங்களை வாயாரப் புகழவும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கெட்டது அதற்குப் பிறகுதான். தங்கப்பொண்ணு வீட்டுக் கோழிகள் வேலி நுழைந்து நம் கரையானைத் தின்கின்றன என்று உங்கள் அம்மாவுக்கு வயிறு எரிந்தது. நான் களையெடுக்கப் போயிருந்த நேரத்தில் அத்தை பானைகளையெல்லாம் வீட்டுச் சுவரோரம் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டார். மண்சுவர் மச்சான்! வேண்டாம் அத்தை, வீட்டுக்குள் ஏறிவிடும் என்றேன். "எனக்கே புத்தி சொல்ல வந்துட்டா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆவணியில் உள் அறை மூலையில் மண் புடைத்தது. நான் கடப்பாரையைத் தேடி எடுத்து வருவதற்குள் அத்தை பார்த்துவிட்டார். சாமி வீடு தேடி வந்திருக்கு என்று விழுந்து கும்பிட்டு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். இப்போது அது முழங்கால் உயரப் புற்று. செவ்வாய், வெள்ளி ஆனால் தெருப் பெண்கள் எல்லாம் பாலோடு வருகிறார்கள். ஊற்றுகிற முட்டை மட்டும் நம் கோழி முட்டை. தீவனத்தில் மிச்சம் பிடித்தது அம்புட்டும் கரையானுக்கே போகிறது. இது பானையிலிருந்து வந்த கரையான்தான் என்று வாய்விட்டுச் சொன்னேன். "உன் பானை வழியா வரணும்னு சாமி நெனச்சிருக்கு, கேக்க நீ யாருடி" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு இருந்திருப்பேன். உடைந்த கூரை ஓட்டை மாற்ற வந்த சோணைமுத்து அண்ணன் உத்தரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "உள்ள ஒண்ணுமில்ல தங்கச்சி, தோலுதான் நிக்குது. ஓடு நனைஞ்சு கனத்துச்சுன்னா தாங்காது" என்றார். முட்டாவது கொடுங்கள் அண்ணே என்று கெஞ்சினேன். முட்டு ஊன்ற வேண்டிய இடம் புற்று நிற்கிற மூலை. குங்குமத்தைப் பார்த்தவர், சாமி இருக்கிற இடத்தில் கடப்பாரை போட மாட்டேன் என்று கூலிகூட வாங்காமல் போய்விட்டார்.

இந்த நேரத்தில்தானா நம் தாமரைக்குக் காய்ச்சல் வரவேண்டும்! ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கூட்டிவந்தேன். அத்தை புற்றுமண்ணை நெற்றியில் பூசினார். மறுநாள் காய்ச்சல் விட்டது. ஊசியை யாரும் நினைக்கவில்லை. கார்த்திகை முடியும்வரை பிள்ளை புற்றடியிலேயே படுக்கும் என்று அத்தை நேர்ந்துகொண்டார். நான் பிள்ளையை அடுப்படியில் படுக்க வைத்தால், காய்ச்சல் திரும்பினால் நீதான் பொறுப்பு என்று தெருவே சண்டைக்கு வருகிறது. அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால், பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்கிறார் அத்தை. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். காற்றே இல்லாதபோதும் மேலேயிருந்து மாவு மாதிரி உதிர்கிறது. தினமும் காலையில் பிள்ளையின் தலையைத் தட்டிவிட்டுத்தான் சடை பின்னுகிறேன்.

நேற்றிலிருந்து மேற்கே மேகம் கறுத்து நிற்கிறது. சந்தைக்குக் கிளம்பியவர்கள் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள்.

நீங்கள் சொன்னால் அத்தை கேட்பார். சாமி உங்கள் கனவில் வந்து, எனக்குக் கூரை வேண்டாம், வெயிலும் மழையும் படுகிற இடம் வேண்டும், அதுவரை என் பக்கத்தில் யாரும் படுக்கக் கூடாது என்று சொன்னதாகத் தந்தி அடியுங்கள். பொய் சொல்லத் தயங்க வேண்டாம், அந்தப் பாவம் என்னோடு போகட்டும். முதலாளி திட்டினாலும் சரி, இதைப் படித்த உடனே தபாலாபீசுக்கு ஓடுங்கள்.

உங்கள் தந்தி வரும்வரை பிள்ளையைத் தனியாக விடமாட்டேன். அவள்மேல் கவிந்துகொண்டுதான் படுக்கிறேன். எங்கள் பக்கத்தில் அத்தை நிம்மதியாகத் தூங்குகிறார். இதை எழுதி முடிக்கும்போதே ஓட்டின்மேல் தூறல் சத்தம் கேட்கிறது. எங்கள் மூன்று பேரையும் அந்தச் சாமியே காப்பாற்றட்டும்.

உங்கள் தந்திக்கு வழிபார்த்திருக்கும்,
செல்லத்தாய்